எடை சொல்லாத ஊர்

குரோத் என்பது வளர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். ஆந்திரத்துப் பிச்சாட்டூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில் அதனை முதன்முதலில் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் அண்ணாதுரை. அவர் ஒரு கம்பெனிக்காகக் கோழிக்குஞ்சுகளை வளர்த்துக் கொடுத்தார். குஞ்சுகள் தடித்தால், "இந்த பேட்ச்சு குரோத் நல்லா கீது" என்பார். கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குச் சென்ற என் கணவர் கங்கையா, அந்நகரத்தைப் பற்றியும் அதே சொல்லை யாரையோ கொண்டு எழுதவைத்துக் கடிதம் அனுப்பினார். பக்கத்து வீட்டு வெங்கடம்மாவின் வயிற்றில் இருந்த கட்டிக்கும் திருப்பதி மருத்துவர் அதே பெயரைத்தான் இட்டார்.

அண்ணாதுரையின் மனைவி மனோரமா எங்கள் அங்கன்வாடியின் டீச்சர். அவர் அச்சொல்லைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தினார்.

குழந்தையின் எடையை வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டு, அக்குழந்தை இளைத்துவிடும் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. ஆகவே மாதந்தோறும் எடை பார்க்கும் நாளில் தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தொங்கும் தராசின் முள் எப்பொழுதும் டீச்சரின் பக்கமே இருக்கும். அவர் அட்டையில் கோடு போட்டுவிட்டு, "குரோத் சூப்பரா கீதுமே, எடுத்துக்கினு போ" என்பார். நாங்களும் மகிழ்ச்சியோடு திரும்புவோம்.

என் மகள் சந்தியாவின் கோடும் மேல்நோக்கியே சென்றது. ஒன்றரை வயதில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நான் அவளைத் திருப்பதிக்குத் தூக்கிச் சென்றேன். மருத்துவர் அட்டையைப் பார்த்தார். பிறகு குழந்தையைத் தராசில் வைத்தார்.

"இதுல ஒன்பதரை கிலோன்னு இருக்கு. பாப்பா ஆறு கிலோகூட இல்லையேம்மா. யாரு எழுதினது இது?"

மூன்றாம் நாள் அவள் இறந்தாள்.

அவ்வாண்டே அங்கன்வாடியில் உதவியாள் வேலை காலியாயிற்று. மனோரமா என்னையே தேர்ந்தெடுத்தார். "படிச்சவ வந்தா ஆயிரம் கேள்வி கேப்பா. லட்சுமி நல்லவ" என்று அவர் தம் கணவரிடம் கூறியது என் காதில் விழுந்தது. அந்த நல்லவள் மாலை வகுப்பில் முதலில் எண்களையும், பிறகு தெலுங்கையும், அதன்பின் தமிழையும் கற்றாள். எடை குறைந்த குழந்தைக்கு இரண்டு பங்கு சத்துமாவு தரவேண்டும் என்ற விதியைச் சுவரில் ஒட்டியிருந்த தாளிலேயே படித்தேன். அவ்வாறு தராமல் மிச்சம் பிடித்த மாவு மூட்டைகளை அண்ணாதுரையின் கோழிக்கொட்டகைக்குச் சுமந்தவளும் நானே. இரண்டு ஆண்டுகள் வாய் திறவாமல் சுமந்தேன்.

மாவட்டத்தின் சிறந்த மையத்திற்கான பரிசுக்கு எங்கள் மையத்தின் பெயர் சென்றது. அதைச் சரிபார்க்கச் சித்தூரிலிருந்து அதிகாரி தாட்சாயணி மேடம் வந்தார். நாற்பது தாய்மார்கள் கூடியிருந்தனர். தராசைப் பிடிப்பது என் பணி. முதல் பையனைத் தராசில் இட்டதும் முள்ளை என் பக்கம் திருப்பினேன்.

"திருமலை. எட்டு கிலோ நூறு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அவனுடைய தாய் பதறி எழுந்தாள். "அடிப்பாவி, வாய மூடுமே. புள்ளைக்குக் கண்ணு பட்டுடும்."

"மேடம், அட்டையைப் பாருங்க" என்றேன். அதில் பதினொன்று என்று இருந்தது. அடுத்த குழந்தை ஏழரை, அட்டையில் பத்து. அடுத்தது ஒன்பது, அட்டையில் பன்னிரண்டு.

"மேடம், இவ பொண்ணு செத்துப்போச்சு. அதுலேர்ந்து இவளுக்குப் புத்தி சரியில்ல" என்றார் மனோரமா.

"தராசுக்கும் புத்தி சரியில்லையா மனோரமா? நீங்க உக்காருங்க" என்றார் மேடம். அவர் ஐந்தாம் அட்டையோடு பேனாவை மூடினார். "போதும்மா, தெரிஞ்சிபோச்சு."

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. மனோரமாவின் மகள் வயிற்றுப் பேத்தி ரூபா, இரண்டு வயதுக் குழந்தை, கையில் பிஸ்கட்டோடு தரையில் அமர்ந்திருந்தாள். அவளைத் தூக்கித் தராசின் துணித்தொட்டிலில் இட்டேன்.

மனோரமா பாய்ந்து என் கையைப் பற்றினார். "வேணாம்மே லட்சுமி. என் வேலை போவட்டும், ஜெயிலுக்குக்கூட போறேன். அவ எடைய மட்டும் சொல்லாத."

"ஏன் டீச்சர், குரோத் நல்லா தானே கீது?"

"உன் கால்ல வுழறேன்."

அவர் உண்மையாகவே விழுந்தார். அத்தனை ஆண்டுகள் எங்கள் அச்சத்தைத் தமக்குத் திரையாக்கிக்கொண்டவர், தாமும் அதே அச்சத்தோடுதான் வாழ்ந்திருக்கிறார். எனக்குக் கண்ணேற்றில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், அன்று இருந்தது. குழந்தை குற்றமற்றது என்பதை நான் அறிவேன். சந்தியாவும் குற்றமற்றவளே.

"பதின்மூன்று கிலோ நானூறு" என்றேன். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது என்று கருதி இன்னும் உரக்கச் சொன்னேன். தெலுங்குத் தாய்மார்களுக்காகத் தெலுங்கிலும் ஒருமுறை சொன்னேன்.

நாற்பது தாய்மார்களும் தத்தம் குழந்தையைப் பார்த்தனர். பிறகு அந்தக் கொழுத்த கால்களைப் பார்த்தனர். ஒருத்தியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று நான் தராசை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தேன்.