காகம் கலைப்பவன் வீட்டு அமாவாசை

“கா... கா... கா...” என்று தொண்டை வறளக் கூப்பிட்டுவிட்டு நமசிவாயம் அண்ணாந்து பார்த்தான். வேலிப் பூவரசில் காகங்கள் இருக்கத்தான் இருந்தன. ஒன்றாவது அசைய வேண்டுமே! கிணற்றுக்கட்டில், வாழையிலைத் துண்டில் வைத்த சோறும் அமாவாசைக்கென்றே ஆக்கிய காத்தோட்டிக்காய்க் கறியும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவனைப் பெற்ற அப்பு செத்து, வருசம் முடிய ஆட்டத்திவசமும் கழிந்து வந்த முதல் ஆடி அமாவாசை. காகம் வாய் வைக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

காகங்களுக்கு அவனை நன்றாகத் தெரியும், சிக்கலே அதுதான். இரண்டு தோட்டம் தள்ளி, பலாலியில் வெள்ளைக்காரர் போட்ட விமானத் தளத்தில், அவன் வேலையே காகம் கலைப்பது. மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுபாதை நெடுக ஓட வேண்டும். வழியில் கிடக்கும் கல்லையும் ஆணியையும் பொறுக்க வேண்டும். ஒரு காகம் எஞ்சினில் அடிபட்டால் விமானத்துக்குள் இருப்பவன் திரும்பமாட்டான் என்று துரை சொல்லியிருந்தார். மாசியில் ஒருவன் திரும்பவில்லை. மீசைகூடச் சரியாக முளைக்காத பொடியன். அன்றிலிருந்து நமசிவாயம் வெறிபிடித்தவன்போலத் தகரம் தட்டினான். இன்று அவனுக்குப் பதிலாகப் போயிருப்பவன் தம்பிஐயா, குந்திய இடத்தில் நித்திரை கொள்கிற ஆள். காலையிலிருந்து நமசிவாயத்தின் காது அந்தப் பக்கமே இருந்தது.

ஓடுபாதையின் கிழக்குத் தலை முன்பு அப்புவின் புகையிலைத் தோட்டம். காணி போனபின் மனுசன் அதிக நாள் இருக்கவில்லை. எத்தனை தரம் கலைத்தாலும் அந்த இடத்துக்கே ஒற்றைக் காகம் ஒன்று திரும்பி வரும். அது யாராக இருக்கும் என்று இன்றைக்குத்தான் அவனுக்குத் தோன்றியது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் மனைவி குணலட்சுமி. “உங்களைக் கண்டால் அதுகள் கிட்டவும் வராதுகள். உள்ளுக்கை போங்கோ, நான் கூப்பிடுறன்.”

“அவர் என்ரை அப்பு. நீ கூப்பிட்டு வருவாரோ?”

“மாமா கடைசி மட்டும் என்ரை கையாலைதானே சாப்பிட்டவர்.”

அவன் அடுப்படிக் குசினிக்குள் போய் ஓலைக் கிடுகு இடுக்கால் பார்த்தான். அவள் கூப்பிட்டாள். ஒற்றைக் காகம் ஒன்று இறங்கி, தத்தித் தத்தி இலையோரம் வந்தது. அவனுக்குக் கண் கலங்கியது. ‘சாப்பிடணை அப்பு’ என்று மனதுக்குள் கெஞ்சினான்.

அப்போதுதான் பலாலிப் பக்கம் எஞ்சின் உறுமியது. அடுத்த கணம் அவன் கையில் அகப்பை இருந்தது. “ஊய்! ஊய்!” என்று வெறுஞ்சட்டியைப் படபடவென்று அடித்தான்.

குணலட்சுமி நீட்டிய கையோடு திரும்பினாள். தொடாத சோற்றை விட்டுக் காகம் எழும்பி, பூவரசையும் தாண்டி, ஓடுபாதைப் பக்கமாகப் பறந்தது. எஞ்சின் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. நமசிவாயம் அகப்பையோடு வாசலில் நின்று காது கொடுத்தான். அங்கே தகரச் சத்தம் கேட்கவில்லை.