முதலில் கூப்பிடுகிறவர்

அப்பாவோடு கடைக்குப் போவதென்றால் அரை நாள் விடுப்பு போட வேண்டும். ஒரு குடை வாங்க நான்கு கடை ஏறி இறங்குவார். அவருக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை, நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை. சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் கடைக்காரர்கள் தலையில் கொட்டுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதுதான் இல்லை. கடையில் அவர் இன்னும் குறைவாகப் பேசுவார்.

பொருளை எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், "எவ்வளவு?" என்பார். நூறு என்று கடைக்காரர் சொன்னால், தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் பொருளைப் பழைய இடத்திலேயே வைப்பார். பிறகு வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனத்தைத் தாங்கிய கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

"சரிங்க, தொண்ணூறு."

அப்பா பேச மாட்டார்.

"எண்பத்தஞ்சு. அதுக்குக் கீழ போனா என் வீட்டுல அடுப்பு எரியாது சார்."

"அறுபது" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு அப்பா நடையைக் கட்டுவார். பத்தடி போவதற்குள் "சார், சார், வாங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்துவிடும். அக்கம்பக்கத்தில் யார் கட்டில், சைக்கிள், மிக்ஸி வாங்கினாலும் அப்பாவை அழைத்துப் போவார்கள். "உங்கப்பா தலையப் பாத்தாலே கடைக்காரன் ஷட்டரை இறக்கிடுவான்" என்று எதிர்வீட்டு டீச்சர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் பள்ளியில் சேரும் முன்பே அம்மா இறந்துவிட்டாள். அதனால் அக்காவையும் என்னையும் இழுத்துக்கொண்டுதான் கடைக்குப் போவார். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: நடக்க ஆரம்பித்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. "முதல்ல கூப்பிடறவன் தோத்தான்" என்பார். ஒரு சிவப்புச் செருப்புக்காக நான் திரும்பிப் பார்த்துத் தொலைத்தேன். கடைக்காரர் ஒரு காசு குறைக்கவில்லை. அன்றோடு நான் லாயக்கற்றவள் ஆனேன். அக்காதான் வாரிசு. பன்னிரண்டு வயதில் தனியாகப் போய் ஒரு மேசை விசிறியைப் பாதி விலைக்கு வாங்கி வந்தாள். அதை அப்பா ஒரு வாரம் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார்.

அக்காவுக்கு இருபத்து மூன்று வயதில் லிஃப்ட் ரிப்பேர் செய்யும் ஒருவரைப் பிடித்துப்போனது. அவருக்கு வெளியூரில் வேலை. அப்பாவுக்கு அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துப் பழகாத மனிதர்.

"மூணு வருஷம் போகட்டும்" என்றார்.

"மூணு மாசம்" என்றாள் அக்கா.

"ரெண்டு வருஷம்."

"ஆறு மாசம். அதுக்கு மேல முடியாதுப்பா."

நான் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு வருடத்தில் படிந்துவிடும் என்று எனக்கே தெரிந்தது. அப்பா ஒன்றரை வருடத்துக்கு வந்தார். அக்கா பதில் சொல்லவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

நான் பால்கனிக்கு ஓடினேன். அப்பாவும் பின்னாலேயே வந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை, பெருமை வழிந்தது.

"நடையப் பாரு. அப்படியே நான்" என்றார்.

"கூப்பிடுங்கப்பா."

"சும்மா இரு. நீ வாயத் திறந்து கெடுத்துடாத. தெரு முனை வரைக்கும் போவா, திரும்பிடுவா."

அக்கா தெரு முனையில் மருந்துக்கடை முன்னால் நின்றாள். பத்து நிமிடம் நின்றிருப்பாள். ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அவள் பெயர் எனக்குத் தொண்டைவரை வந்தது. என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் அப்பா சொன்னபடி கேட்டேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு பஸ் வந்தது, அக்கா ஏறிவிட்டாள். அடுத்த மாதம் கல்யாணம் செய்துகொண்டாள்.

அப்பா இதை முறிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பேரம் நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அக்கா எனக்குப் போன் செய்தால் "இறங்கி வர்றா" என்பார். செய்யாவிட்டால் "யோசிக்கிறா" என்பார். அந்தப் பக்கம் அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. "அவர் வாயால 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த பஸ்ஸுல ஏறுறேன்" என்பாள். இப்படியே நான்கு வருடம் ஓடியது.

பொறுக்க மாட்டாமல் நான் தரகு வேலையில் இறங்கினேன். "அப்பாவுக்கு ரொம்ப முடியல. சத்தியமா உன்னை வரச் சொல்றார்" என்று அக்காவிடம் புளுகினேன். மறுநாளே வீங்கிய கண்களோடு வாசலில் வந்து நின்றாள். அப்பா கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார்.

"என்ன, இந்தப் பக்கம்?" என்றார்.

"வரச் சொன்னீங்களாமே?"

"நானா? இல்லையே."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அப்பா சோப்பு நுரை முகத்தோடு, "பாத்தியா, வந்துட்டா! இன்னொரு தடவை வருவா, அப்ப விட மாட்டேன்" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது? வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து, இந்த வருடம், அவருக்கு நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மதியம் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தானே விலக்கினார். "அவளைக் கூப்பிடு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அவ கேட்டதையே குடுத்துடறேன்" என்றார்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, அப்பா ஆஸ்பத்திரியில இருக்கார். உன்னை வரச் சொல்றார். சத்தியமா."

"போன தடவையும் சத்தியமாதான் சொன்ன. அவர்கிட்டயே குடு."

போனை அப்பாவின் காதில் வைத்தேன். "அப்பா?" என்று அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. அப்பாவின் உதடுகள் அசைந்தன. வா. இன்னொரு முறை, வா. சத்தம் வரவில்லை. மிச்சமிருந்த குரலை என்னிடம் பேசியே தீர்த்திருந்தார். "பேசுங்கப்பா" என்றாள் அக்கா. அவர் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் ஓடியது. அக்கா அந்த மௌனத்தோடு வளர்ந்தவள். அவளும் பேசாமல் இருந்தாள். நான் போனைப் பிடுங்குவதற்குள் வைத்துவிட்டாள். எட்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. இரண்டு நாளில் மாஸ்க்கை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரே வாய் திறந்து பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அப்பா போய்விட்டார். அக்கா வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன்.

அக்கா பிற்பகல் வந்தாள். அப்பாவின் தலைமாட்டில் நின்றாள், அழவில்லை. என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. நேத்து போன்ல பேசவே இல்லையே. முடியலையா, இல்ல வீம்பா?"

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஜில்லென்றிருந்தன. உண்மையைச் சொன்னால், நானே போனை வைத்துவிட்டேனே என்று ஆயுளுக்கும் அந்த அழைப்புக்குள்ளேயே இவள் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது.

"வீம்புதான்கா" என்றேன். "அவளே வரட்டும்னார்."

"எனக்குத் தெரியும்" என்றாள். "பாரு, கடைசி வரைக்கும் இறங்கல இந்த மனுஷன்."

அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. கல்நெஞ்சக்காரர், பிடிவாதக்காரர், பெற்ற பெண்ணிடமும் பேரம் பேசினவர் என்று மனசு ஆறும்வரை அவரைத் திட்டித் திட்டி அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். அப்பா அவளுக்குக் கொடுத்தது ஒரே ஒரு சொல். அதை அவளிடம் சேர்க்க வேண்டியவள் நான் ஒருத்திதான். நான் சேர்க்கவில்லை.