பொருந்தாத மரை

வெள்ளிக்கிழமை மாலை, வில்கரா ஊர்க் கிளப்பில் ஆட்டிறைச்சித் தட்டைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல். சீட்டு எடுப்பது எப்போதும் ஊராட்சித் தலைவர் லாய்டுதான். அன்று பரிசு ஓடைக்கு அந்தப் பக்கத்து டண்டூர்க்காரி ட்ரிஷுக்கு விழுந்தது. அவள் டண்டூர் தீயணைப்புத் தொண்டர்களின் தலைவி.

"நம்ம ஊரு ஆட்டைத் திங்கவும் டண்டூர்லேர்ந்து ஆள் வருது பாருங்கப்பா," என்றார் லாய்டு. கிளப்பே சிரித்தது.

ட்ரிஷ் தட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். "லாய்டு, உங்க ஊர்த் தண்ணித் தொட்டி வாயில இருக்குற திருகு மரை வேற, எங்க தீயணைப்புக் குழாய் மரை வேற. ரெண்டையும் சேக்குற பித்தளைத் துண்டு ஆளுக்கொண்ணு வச்சுக்குவோம். கோடை வருது."

"நாங்க மூத்த ஊரு. நீங்க மரையை மாத்திக்கங்க."

"மரையில என்னய்யா மூத்தது இளையது?"

"இறுதியாட்டத்துல நடுவரை வளைச்சீங்கள்ல? அவரு மரையையும் வளைச்சுத் தருவாரு, போய்க் கேளு."

ஒரே ஓடைத் தண்ணீரைக் குடிக்கிற இரண்டு ஊர்களுக்குக் கால்பந்தாட்டத்தால் ஜென்மப் பகை. அடுத்த ஊராட்சிக் கூட்டத்திலும் ட்ரிஷின் கோரிக்கையைச் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். பெரிய மனிதர்களின் வீம்புக்கு மருந்து ஏது?

ஜனவரி, அங்கே கடுங்கோடை. மேற்கே கோதுமை அறுத்த வயலில் காய்ந்த தாள் பற்றிக்கொண்டது. வில்கரா தீயணைப்பு வண்டிகள் எல்லாம் அங்கே போயின. லாய்டும் போனார். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி, தீப்பொறியை ஓடைக்கரைக்குக் கொண்டுவந்தது. அங்கேதான் அவருடைய வீடு. உள்ளே அவர் மனைவி மெரில் இடுப்பு அறுவை முடிந்து எழ முடியாமல் படுத்திருந்தாள்.

முதலில் வந்தது டண்டூர் வண்டி. தண்ணீர் பாய்ந்தவரை ட்ரிஷ் கூடம் வரை போய்விட்டாள். படுக்கையறைக் கதவை எட்டும் முன் வண்டியில் தண்ணீர் தீர்ந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே லாய்டின் பெரிய தொட்டி நிறைந்து நின்றது. வெளியே ஓடிவந்து அதில் குழாயைத் திருகினாள். மரை பிடிக்கவில்லை. மறுபடி திருகினாள், வழுக்கியது. வாளியால் இறைத்தார்கள். எரிகிற வீட்டுக்கு அது எந்த மூலைக்கு?

"யாரு, ட்ரிஷா? லாய்டு வந்துட்டாரா?" என்று உள்ளிருந்து மெரில் கேட்டாள்.

"வந்துட்டிருக்காரு மெரில். இதோ தண்ணி வருது."

தண்ணீர் வரவில்லை. கூரை சரிந்து உள்ளே விழுந்தது.

லாய்டு வந்தபோது ட்ரிஷ் தொட்டியடியில் உட்கார்ந்திருந்தாள். திருகித் திருகி இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. அவர் தொட்டி வாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டி, சாம்பலைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போனது.

மெரிலின் அடக்கத்தன்று டண்டூர்ப் பெண்கள் தட்டுத் தட்டாக சாண்ட்விச் கொண்டுவந்தார்கள். கிளப் நண்பர் ஒருவர் லாய்டின் தோளைத் தொட்டு, "எல்லாம் விதி," என்றார்.

"விதி இல்ல," என்றார் லாய்டு. "பக்கத்து ஊர்க்காரங்க என் வீட்டுக்கு ஓடி வந்தாங்க. வந்தவங்களால ஒண்ணும் செய்ய முடியாதபடி நான்தான் முன்னாடியே பண்ணி வச்சிருந்தேன். பக்கத்து ஊரோட சேந்து நிக்காதவன் அந்த ஊரை ஜெயிக்கல. சொந்த வீட்டுக்குத்தான் கொள்ளி வைக்கிறான். அன்னிக்குக் கூட்டத்துல நீயும்தான் சிரிச்ச."

நண்பர் கையை எடுத்துக்கொண்டார்.