களத்துப் பள்ளிக்கூடம்

அந்த வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு, மணியக்காரர் வீட்டுக் கூரையிலிருந்து எலி செத்து விழுந்தது. ஒன்று விழுந்தால் பூனை கடித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரே நாளில் ஏழு விழுந்தால்? பிளேக்கு வந்துவிட்டது, வேறென்ன! மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊர் மூன்றே நாளில் சட்டிபானை, ஆடுமாடு, கோழிக்கூடையோடு காலியாகி, அவரவர் காட்டில் சோளத்தட்டுக் குடிசை போட்டுக்கொண்டது.

சொந்தமாகக் காடு இல்லாத காளியாத்தாள், தான் பண்ணையத்துக்குப் போகும் தங்கசாமியின் காட்டு மூலையில் ஒரு குடிசை போட்டாள். அவளுக்குப் புருஷன் இல்லை. எட்டு வயதில் ராசாத்தி என்று ஒரே பெண். ஊரே எலியை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்க, இவளுக்குக் கவலை வேறாக இருந்தது.

பண்ணையாள் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. சேர்த்தார்கள். எங்கே உட்கார வைப்பது என்று உத்தரவில் இல்லையாம், அதனால் வெளித் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். நாலு பிள்ளைகள் போனதில் மூன்று நின்றுவிட்டன. ராசாத்தி மட்டும் இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் ‘அ’னாவைத் தாண்டவில்லை. வெங்கடாசலம் வாத்தியார் பொல்லாதவர் அல்ல. அவருக்கே அலுத்துவிட்டது.

“இந்தப் புள்ளைக்கு மண்டையில ஏறமாட்டேங்குது, காளியாத்தா. தைக்குள்ள எழுத்துத் தெரியலீன்னா பேரை அடிச்சிருவேன். சும்மா உக்கார வெச்சு என்ன பண்றது?” என்று எலி விழுவதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார்.

பேரை அடித்துவிட்டால் ராசாத்தி மறுநாளே பண்ணாடி தங்கசாமி வீட்டு ஆட்டுப்பட்டிக்குப் போக வேண்டியதுதான். காளியாத்தாளும் எட்டு வயதில் அப்படிப் போனவள்தான். அதற்கப்புறம் அவள் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. மகளுக்கும் அந்தக் கதிதானா?

சுகாதார அதிகாரி சைக்கிளில் வந்து பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டார். பிள்ளைகளை வெட்டவெளியில் வைத்துப் படிக்க வைக்கலாம், நெருக்கி மட்டும் உட்கார வைக்காதே என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். வெட்டவெளி என்றால் தங்கசாமியின் கதிரடிக்கும் களம்தான். தை அறுப்பு வரைக்கும் அது சும்மா கிடக்கும். தங்கசாமியின் மகள் வசந்தாமணியும் அங்கேதான் படிக்கிறாள் என்பதால் அவரும் சரி என்றார்.

“செருப்பு மட்டும் களத்துல ஏறப்படாது, வாத்தியாரே. லச்சுமி எறங்கற எடம்” என்றார், அவ்வளவுதான்.

ராசாத்தியை எங்கே உட்கார வைப்பது? இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. கேட்க முடியாது. அந்தக் களத்தைச் சாணி கரைத்து வழித்துவிடுவதே காளியாத்தாள்தான். கதிரைக் கொட்டுவதும் தூற்றுவதும் அவளும் அவள் சனமும்தான். அவள் கால் படாத களத்தில் தானியம் ஏது? வட்டமான களத்தின் ஓரத்தில், கைக்கெட்டாத தூரத்துக்கு ஒன்றாகப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். ராசாத்தியும் அந்த வட்டத்தில் ஒருத்தியாக உட்கார்ந்தாள். எதிரே முக்காலியில் கரும்பலகை நின்றது.

கார்த்திகை முடிவதற்குள் அந்தப் பெண் ‘ஔ’ வரைக்கும் எழுதினாள். மார்கழி பாதியில் ஈரெழுத்துச் சொல்லை எல்லாம் கூட்டிப் படித்தாள். வாத்தியார் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏ அம்மிணி, ரெண்டு வருசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தே?”

“அங்க பலகை தெரியாதுங்க, சாமி. கதவுதானுங்க தெரியும்.”

வாத்தியார் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். தாழ்வாரத்துக்கும் பலகைக்கும் நடுவில் திறந்த கதவு நிற்பதை இரண்டு வருஷம் பார்த்தும் பார்க்காமல் இருந்த தன்மேல்தான் அவருக்கு ஆத்திரம் வந்தது. அன்று மாலை அவரே குடிசைக்கு நடந்து வந்து, “தப்பு என்ர மேலதான், காளியாத்தா. புள்ளை கெட்டிக்காரி” என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆனால் நோய் போகாமல் இருக்குமா? போக வேண்டும் என்றுதானே எல்லாரும் மாரியாத்தாளை வேண்டிக்கொண்டிருந்தார்கள்! தை பிறந்தது. ஊர் திரும்பலாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். களமும் சோளக்கதிருக்கு வேண்டும். திங்கட்கிழமை பழைய கட்டடத்தில் பள்ளிக்கூடம் என்று தண்டோராப் போட்டார்கள். ஊர் சந்தோஷப்பட்டதற்குத் தான் வருத்தப்படுகிறோமே என்று காளியாத்தாளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வாத்தியாரிடம் போய் நின்றாள்.

“உள்ள உக்கார வையுங்கன்னு கேக்க வரலீங்க. பலகை தெரியற எடமாப் பாத்து...”

“நான் என்ன பண்ணட்டும்? தாழ்வாரம் தாழ்வாரந்தான். பண்ணாடி ஒரு வார்த்தை சொன்னாப் போதும், என்னைத் தர்மபுரிப் பக்கம் தூக்கியடிச்சிருவாங்க” என்றார் வாத்தியார். அவர் பயம் அவருக்கு.

அவள் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை பொழுதுக்கும் பள்ளிக்கூடத்து வெளிவாசலில் வேப்பமரத்தடியைக் கொத்தினாள். தண்ணீர் விட்டாள், திமிசுக்கட்டையால் மண் இறுக இடித்தாள், சாணி கரைத்து ஊற்றி விளக்குமாற்றால் வட்டமாக வழித்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. அவளுக்குத் தெரிந்தது களம் போடுவது ஒன்றுதான். அதைச் செய்தாள்.

திங்கட்கிழமை காலையில் வாத்தியார் வந்து பார்த்தார். வெயிலில் காய்ந்து பச்சையாகக் கிடந்தது களம். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போய், முக்காலியையும் பலகையையும் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் வைத்தார். பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? இரண்டு மாதப் பழக்கம். வட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

செய்தி கேட்டுத் தங்கசாமி வந்தார். தூரத்தில் வரும்போதே சத்தம்.

“நோவு போயும் புள்ளைகளை எதுக்கய்யா வெளியில போட்டிருக்கறே? ஊடு மாதிரிக் கட்டடம் எதுக்கு இருக்குது?”

தடுப்புச் சுவர் ஓரமாகக் கூடையோடு நின்ற காளியாத்தாள், போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

தங்கசாமி விறுவிறு என்று வந்தார். வட்டத்தின் விளிம்புக்கு வந்ததும் நின்றார். யாரும் சொல்லாமலே, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏறின பிறகுதான் தான் வெறுங்காலோடு நிற்பதைக் கவனித்தார். குனிந்து காலைப் பார்த்தார். எதிரே வசந்தாமணி, அவளுக்கு அப்புறம் இரண்டு பிள்ளைகள் தள்ளி ராசாத்தி, இருவரும் ஒரே பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். களத்தில் ஏறி நின்றுகொண்டு, களம் போட்டவளின் பிள்ளையை இறங்கு என்று எந்தக் குடியானவனுக்கு வாய் வரும்? அவருக்கு வரவில்லை.

மேற்கோரமாக நாலடி நடந்தார். பெருவிரலால் ஒரு இடத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

“காளியாத்தா! இங்க சாணி சரியாப் புடிக்கலே பாரு. பொரிஞ்சு வருது. நாளைக்குக் காலையில இன்னொருக்கா வழிச்சுடு.”

“ஆகட்டுங்க, சாமி” என்றாள் காளியாத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு, அப்போதே சாணி பொறுக்கப் போனாள்.