முப்பத்தொரு டிகிரி

மே 6, திங்கட்கிழமை, பகல் மூன்று மணி. ஆம்பூர் புறவழிச் சாலையோரம் இருக்கும் ஒரு ஷூ தொழிற்சாலையின் வாசலில் வந்து நின்ற வெள்ளைக் கார், வெளி வெப்பநிலை 31 டிகிரி என்று காட்டியது.

அந்த எண்ணுக்காக உள்ளே நாற்பத்தாறு பெண்கள் காத்திருந்தார்கள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவு அது. மேற்குப் பக்கம், தகரக் கூரைக்கு நேர் கீழே. மதியத்துக்கு மேல் கை வியர்த்து, வெளிர்நிறத் தோலில் விரல் பட்ட இடமெல்லாம் கறையாகிவிடும். பிரிவின் சூப்பர்வைசர் மேகலா சனிக்கிழமை மேலாளர் ராமமூர்த்தியின் அறைக்குப் போய்ப் பேசி, ஒரு வாக்குறுதியோடு திரும்பியிருந்தாள். மூன்று மணிக்கு வெளியே நாற்பது டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் கால் மணி நேரம் இடைவேளை, ஆளுக்கு ஒரு டம்ளர் மோர்.

வாக்குறுதியில் ஒரு நிபந்தனை இருந்தது. ராமமூர்த்தி மதியச் சாப்பாட்டுக்கு வாணியம்பாடியில் இருக்கும் வீட்டுக்குப் போய், மூன்று மணிக்குத் திரும்புவார். அப்போது அவருடைய கார் காட்டுவதுதான் கணக்கு.

"போன்லயே காட்டுதே சார்" என்று மேகலா சொல்லிப் பார்த்தாள்.

"அது வேலூர் கணக்கும்மா. வேலூர் வெயில் வேலூருக்கு. என் கார் நம்ம ரோட்டுல ஓடி வருது."

செவ்வாய் 32. புதன் 31. வியாழன் 33. ராமமூர்த்தி காரிலிருந்து இறங்கி அலுவலகப் படி ஏறுவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். "எனக்கும் வேர்க்குதும்மா. நெம்பர் அப்டி சொல்லுதே, நான் இன்னா பண்றது?" என்பார்.

பக்கத்து மிஷினில் இருக்கும் அக்தரி பேகத்துக்குப் பொழுது நன்றாகப் போனது.

"மேகலா, நாளைக்கு சால்வை எடுத்துனு வரட்டா? குளிரு ஜாஸ்தியா கீது."

"சும்மா தெய்யி அக்தரிக்கா."

"எங்க வூட்ல சொல்ட்டேன், நான் ஊட்டில வேலை செய்றேன்னு."

மொத்த வரிசையும் சிரித்தது. மேகலாவும் சிரித்தாள். ஆனால் மோர் வாங்கித் தருகிறேன் என்று மிஷின் மிஷினாகப் போய்ச் சொன்னவள் அவள்தான். இரண்டாவது வாரம் பிறந்ததும் அவள் வாசல் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

மே 15, புதன்கிழமை, ராமமூர்த்தியின் டிரைவர் ஜோசுவா வாசலிலிருந்தே கத்தினான். "அக்கா! நாப்பத்திரெண்டு!"

மணி அடித்தது. கேன்டீனில் மோர் தயாராக இல்லை. தயிரை அவசரமாகக் கடைந்து, உப்பைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டுக் கொடுத்தார்கள். அக்தரி இரண்டு டம்ளர் குடித்தாள்.

மறுநாள் மறுபடியும் 32.

மேகலா மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். செருப்பையும் மீறித் தரை சுட்டது. "ஜோசுவா, நேத்து இன்னா பண்ண, இன்னிக்கு இன்னா பண்ண? ஒண்ணு விடாம சொல்லு."

"ஒண்ணும் பண்ணலக்கா. சார் சாப்புடுவாரு, நான் வண்டி கழுவுவேன், அப்றம் கெளம்பி வருவோம். டெய்லி அதான்."

"நேத்தும் கழுவுனியா?"

"நேத்து எங்க? அங்க தண்ணியே வர்ல. டேங்க் காலி."

மேகலா காரின் முன்பக்கம் குனிந்தாள். பம்பருக்கு அடியில் ஒரு ஒயர் தொங்கியது. அதன் நுனியில், சுண்டுவிரல் முனை அளவில் ஒரு தோல் உறை. பழுப்பு நிற லைனிங் தோல், ஓரத்தில் இரட்டைத் தையல், முடிச்சு உள்பக்கம். தொட்டாள். சொதசொதவென்று ஈரம்.

அந்தத் தையலை யார் போட்டது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு வேகத்தடையில் பம்பர் இடித்து, உள்ளேயிருந்து ஒரு சின்னக் குமிழ் வெளியே தொங்கியது. அது என்னவென்று ஜோசுவாவுக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் வெறுமனே தொங்கும் எதையும் யாரும் விட்டுவைப்பதில்லை. சாவி, டிவி ரிமோட், டிபன் கேரியர் கைப்பிடி என்று எல்லாவற்றுக்கும் மிச்சத் தோலில் ஓர் உறை உண்டு. ஜோசுவா அளவு சொன்னான். மேகலா சாப்பாட்டு வேளையில் தைத்துக் கொடுத்தாள்.

"ஹாரன் ஒயருன்னு சொன்னியேடா!"

"ஹாரன் இல்லியாக்கா?"

"வெயில் பாக்குறதே இதுதான்டா. இதுக்குத் தோலு போட்டு, தெனமும் தண்ணி வேற ஊத்திக்கினு கீற. மண்பானைக்கு ஈரத்துணி சுத்துன மாதிரி ஜில்லுனு குந்திக்கினு கீது."

இதற்குள் அக்தரியும் எட்டிப் பார்த்திருந்தாள். "அய்யோ அல்லா! நம்ம மோருக்கு நீயே உறை தெச்சியா?"

மேகலா மேலாளர் அறைக்குப் போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள், தையல் தன்னுடையது என்பது உட்பட. ராமமூர்த்தி இறங்கி வந்தார். பம்பருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார்.

"அப்ப ஒம்போது நாளா நான் தோலோட டெம்பரேச்சரையா பாத்துனு இருந்தேன்?"

"ஆமா சார். நேத்து மட்டும் வெயில பாத்தீங்க."

அவர் உறையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "தையல் மட்டும் நல்லா கீதும்மா."

மேகலா நூல் வெட்டும் கத்தரியால் உறையை வெட்டி எடுத்தாள். உறையில்லாமல் கார் என்ன காட்டுகிறது என்று பார்க்க, ராமமூர்த்தியை ஏற்றிக்கொண்டு ஜோசுவா மாதனூர் வரை போய் வந்தான். திரும்பும்போது மணி 3.50. திரை 41 காட்டியது.

அன்று இடைவேளை நான்கு மணிக்கு விடப்பட்டது. மறுநாள் அறிவிப்புப் பலகையில், மூன்று மணிக்கு முன் மேலாளரின் காரைக் கழுவக் கூடாது என்று தாள் ஒட்டினார்கள். ஜூன் 4 அன்று மழை பெய்து கார் 29 காட்டும் வரை, வேலை நாள் ஒவ்வொன்றிலும் மூன்று மணிக்கு மோர் கொடுக்கப்பட்டது.