மாற்றக் குறிப்பு

கொழும்பில் எந்தக் கிளினிக் எந்த நாளில் நடக்கும், அங்கே தமிழ் கதைப்பவர் யார் என்று சொல்லும் இணையப் பக்கத்தை ஒன்பது வருடங்களாக நான்தான் வைத்திருந்தேன். நோயாளிகளுக்குத் துணையாகப் போகும் பதினாறு தொண்டர்கள் தகவல்களை எனக்கு அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எச்.டி.எம்.எல் குறிகளோடு எழுதி ஏற்றுவேன். அவசரமென்றால் தொலைபேசியில் அழைப்பார்கள். "அருந்ததி அக்கா இல்லாட்டி பக்கமே இல்லை" என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே சில திருத்தங்களைத் தாமதப்படுத்தியிருக்கிறேன்.

ஜூலையில் ஒரு கண் கிளினிக் புதனிலிருந்து வெள்ளிக்கு மாறியது. திங்களன்றே செய்தி வந்தும் ஞாயிறு வரை வைத்திருந்தேன். தொண்டர்களில் ஒருவரான பேர்னாட் கொட்டாஞ்சேனையிலிருந்து அழைத்துப்போன பெண் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

தொண்டர்களின் அடுத்த கூட்டம் வெள்ளவத்தையில் என் வீட்டில் நடந்தது. கொள்ளுப்பிட்டியில் மென்பொருள் எழுதும் நிம்றா தன் மடிக்கணினியைத் திறந்தாள்.

"விக்கிக்கு மாத்துவம் அக்கா. எல்லாரும் எழுதலாம். முன்னால நட்சத்திரம் போட்டா பட்டியல், சதுர அடைப்புப் போட்டா இணைப்பு. அவ்வளவுதான்."

"ஆரும் பிழையா எழுதினா?" என்று கேட்டேன்.

"பழசு எல்லாம் அப்பிடியே ஈக்கும். ஒரு அழுத்துல திரும்ப வரும். யாரு, எப்ப, ஏன் மாத்தின எண்டும் காட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அழைப்புகள் நின்றுபோன ஒரு ஞாயிறு என் கண்முன் வந்தது.

"முதல்ல இருக்கிறதில எழுதிப் பாக்கட்டும். பேர்னாட் செய்யட்டும்" என்றேன்.

பக்கத்தின் பிரதியொன்றைத் திறந்து அவருக்குத் தோல் கிளினிக் வரியைக் கொடுத்தேன். அட்டவணைக்குள் அட்டவணையாக நான் ஒட்டுப்போட்டு வைத்திருந்த இடம் அது. குறிகளில் ஒரு கூர் அடைப்பு விடுபட்டாலும் கீழே உள்ளவை எல்லாம் மறைந்துவிடும். எனக்கு அது தெரியும். இவர்கள் பயந்துபோய்ப் பக்கத்தை என்னிடமே விட்டுவிடுவார்கள் என்று எண்ணினேன்.

பேர்னாட் துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். ஒற்றை விரலால் தட்டினார். பாதிப் பக்கம் வெறுமையானது.

"ஐயோ மிஸ், கிளினிக் எல்லாம் எங்க போச்சு?"

"எல்லா நோயாளியும் சுகமாகிட்டாங்க போல" என்றாள் நிம்றா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அதே வரியை விக்கியில் கொடுத்தாள். அவர் இரண்டு நிமிடத்தில் முடித்தார்.

"இவ்வளவுதானா? சாமான் லிஸ்ட் எழுதுற மாதிரித்தானே இருக்கு!"

முடிவெடுக்கப் பத்து நிமிடமும் ஆகவில்லை. நான் காட்ட நினைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதனால்தான் விக்கியைத் தேர்ந்தார்கள்.

மின்தூக்கி வரும்வரை பேர்னாட் என்னருகே நின்றார். "மன்னிச்சுக்கொள்ளுங்க மிஸ். உங்க ஒன்பது வருஷ வேலைய ஒரு விரலால கெடுத்துட்டேன்."

"பரவாயில்லை" என்றேன். அவர் செய்யாத பிழைக்கு அவரை மன்னித்தேன்.

அதன் பிறகு தொலைபேசி ஒலிக்கவில்லை. ஞாயிறுகளில் கரையோர ரயில் போகும் சத்தத்தை முழுதாகக் கேட்க முடிந்தது. பக்கத்தில் பிழைகள் வந்தன. நான் பார்ப்பதற்குள் யாராவது திருத்தியிருந்தார்கள். நான் மாற்றங்களின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன். சேமிக்குமுன் காரணம் எழுதும் சிறு பெட்டியைப் பலர் வெறுமையாக விட்டார்கள். பேர்னாட் விடவில்லை. "நேரம் மாற்றினேன். கவனமாக." "தொலைபேசி எண் சேர்த்தேன். கவனமாக." இருபத்தேழு தடவை அந்தச் சொல் இருந்தது.

வரலாற்றில் என் பெயர் எங்கும் இல்லை.

இருபத்தெட்டாவதற்கு நான் காத்திருக்கவில்லை. தோல் கிளினிக்கின் அறை எண்ணைச் சேர்த்தேன். காரணப் பெட்டியில் எழுதினேன்: "அன்று உடையக்கூடிய வரியைத் தெரிந்தேதான் பேர்னாட்டிடம் கொடுத்தேன். பிழை அவருடையதல்ல. அருந்ததி." பக்கத்தில் எதையும் திருத்தலாம், அந்தப் பெட்டியில் எழுதியதை நானே நினைத்தாலும் எடுக்க முடியாது. சேமித்தேன்.

மறுநாள் வரலாற்றில் என் வரிக்கு மேலே புதிதாக ஒன்று இருந்தது.

"பார்த்தேன் மிஸ். மருந்து குடுக்கிற நேரம் சேர்த்தேன், ரெண்டு மணி. பேர்னாட்."