மதமற்றோர் தலைவர் கொடுத்த நற்சான்றிதழ்

என் தம்பி கணபதியின் வீட்டில் சாமி கிடையாது. மகளுக்கு உமா மகேஸ்வரி என்று பெயர் இருக்கிறதே என்றால், அது அவன் மாமியார் வைத்த பெயர். தம்பி அன்று வேறு தீவில், ரங்கத்தில் டியூட்டியில் இருந்தான்.

உமாவுக்கு இயற்பியல் படிக்க வேண்டும். கடல் தாண்டி மெயின்லேண்டில் பாடமும் விடுதியும் சேர்ந்து கிடைத்தது கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரே ஒரு கல்லூரியில்தான். விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். அடுத்த பக்கத்தில்தான் வினை. பங்குத்தந்தையிடமோ தன் சமயப் பெரியவரிடமோ நற்சான்றிதழ் வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சீட்டு அடுத்தவருக்கு.

“கோயில் ஐயர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுவோம்” என்றான் கணபதி.

“சேர்றதுக்கு முன்னாடியே பொய்யா, பப்பா?” என்றாள் உமா.

ஆகவே, எங்கள் ஊரான புரோத்ராபூரின் மதமற்றோர் தலைவர் என்ற முறையில் சான்றிதழை நானே எழுதினேன். எங்கள் அமைப்பில் மூன்று பேர். ஒருவர் பொங்கல் கொடுக்கும் நாளில் மட்டும் கோயிலில் இருப்பார். ஒரு பக்கம் நிரம்ப வேண்டுமே என்று, சிப்பிகாட் ஓடையில் வழிமறித்த முதலையை உமா திட்டியதையும், அது மன்னிப்புக் கேட்டுத் திரும்பியதையும் சேர்த்தேன். கடைசியில் இடமிருந்ததால் ஒரு உண்மையும் எழுதினேன். பக்கத்து வீடுகளில் இருக்கும் ராஞ்சிக் கிறிஸ்தவர்கள் ஞாயிறு காலை சர்ச்சில் பூசைக்குப் போகும்போது, அவர்களின் கைக்குழந்தைகளை உமாதான் பார்த்துக்கொள்வாள். தெருவில் அந்த நேரத்துக்குப் போக இடமில்லாதவர்களில் தூங்காதவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை காலை கல்லூரியிலிருந்து சிஸ்டர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“முதலை மன்னிப்புக் கேட்டதா எழுதியிருக்கீங்க?”

“கேட்டுச்சு சிஸ்டர். ஹிந்தியில.”

“அரே, பெரியப்பா!” உமா போனைப் பிடுங்கினாள். “சிஸ்டர், அது பொய். இவர் எல்லார்கிட்டயும் இப்படித்தான்.”

கணபதி என்னைப் பார்த்த பார்வைக்கு முதலை எவ்வளவோ தேவலை. மகளின் படிப்பை நான் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டதாக அவனுக்கு எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான்.

“குழந்தைங்களைப் பார்த்துக்கிட்டது?” என்றார் சிஸ்டர்.

“அது உண்மை சிஸ்டர். ஏழு பேர்.”

“உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே, ஏன் செஞ்சே?”

“அவங்களுக்கு இருக்கே சிஸ்டர். குழந்தை அழுதா எப்படி ஜெபம் பண்றது?”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

“கிளம்பி வா. கப்பல் லேட்டானாலும் சீட்டு இருக்கும்.”

“நானும் ஜெபத்துக்கு வரணுமா, சிஸ்டர்?”

“வேண்டாம்மா. காலையில நாங்க ஜெபத்துல இருக்கும்போது பால்காரர் வந்து கத்திட்டுத் திரும்பிப் போயிடறார். பதினோரு வருஷமா கறுப்புக் காப்பி. நீ பாலை வாங்கி வை.”

கணபதி உமாவின் பெட்டியை எடுக்க உள்ளே ஓடினான். அவனுக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருந்தது. மேலே அனுப்ப எங்களுக்கு ஆள் இல்லாததால், நன்றி முழுவதையும் சிஸ்டரிடமே சொன்னேன். மூன்று முறை. நான்காவது முறை சொல்லும்போது அவர் போனை வைத்துவிட்டிருந்தார். இருந்தாலும் சொல்லி முடித்தேன்.